கையில் இருக்கும் கடுதாசி உறுதியா?
வீடு வாங்கும், விற்கும் பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

திம்புள்ளப் பக்கத்தில் "வீடு விற்பனைக்கு" என்று பலகை தொங்குவதைக் காண்பது அரிது. ஆனாலும் வீடுகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பிரட்டுக் களத்தில் ஒருவர் சொல்வார், கோயில் திருவிழாவில் இன்னொருவர் சொல்வார், தலவாக்கலை பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் சொல்வார். "மேல் டிவிசன்ல ஒரு காம்பரா இருக்கு, மூணு லட்சம் கேக்குறாங்க" என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பி, வருடக்கணக்காகச் சேர்த்த பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும் பெண்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

இப்பகுதிப் பெண்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பதும், அவர்களோடு பிரதேச செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய் வருவதும் எனது வேலை. அப்படி வருபவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு விதத்தில் யுத்தத்தைக் கண்டவர்கள். 1977இலும் 1983இலும் இங்கு நடந்த வன்செயல்களுக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறிய தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அங்கும் இருக்க முடியாமல், 2009க்குப் பிறகு கணவனை இழந்தோ தேடிக்கொண்டோ, தாய்வழிச் சொந்தங்கள் இருக்கும் லயத்துக்கே திரும்பி வந்தவர்கள். இவர்களிடம் ஒரு சிறு தொகை இருக்கும். இழப்பீடாகக் கிடைத்ததாக இருக்கலாம், குவைத்தில் வீட்டு வேலை செய்து உழைத்ததாக இருக்கலாம், அம்மாவின் சேமலாப நிதியாக இருக்கலாம். அந்தப் பணம் ஒரு தடவைதான் கையில் வரும்.

சென்ற வருடம் அப்படி வந்த ஒரு தங்கச்சி பொலித்தீன் பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து நீட்டினாள். முத்திரை ஒட்டி, தோட்டத் தலைவரும் ஒரு சமாதான நீதவானும் கையொப்பமிட்டு, நாலு சாட்சிகளோடு இருந்தது. "இன்ன லயத்தின் நாலாம் இலக்கக் காம்பராவை இன்னாருக்கு அறுதியாக விற்றேன்" என்று எழுதியிருந்தது. "அக்கா, கடுதாசி எல்லாம் சரியாத்தானே இருக்கு? ஜே.பி. சைன் வச்சிருக்காருதானே?" என்று கேட்டாள். விற்றவரின் மகன் இப்போது காம்பரா தனக்கு வேண்டும் என்று வந்து நிற்கிறான். தோட்ட நிர்வாகமோ "உன் பெயர் செக்ரோலில் இல்லை, நீ எப்படி இங்கே இருக்கிறாய்?" என்கிறது. அவள் கையில் இருந்தது உறுதி அல்ல. பணம் கொடுத்ததற்கு ஓர் அத்தாட்சி, அவ்வளவுதான். மகனுக்கும் அந்தக் காம்பராவில் எந்த உரிமையும் இல்லை என்பது வேறு கதை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நமது நாட்டில் காணியோ வீடோ விற்பதானால், அது எழுத்தில் இருக்க வேண்டும். விற்பவர் ஒரு நொத்தாரிசின் முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்றாலும் இன்றும் அதுவே நடைமுறை. ஆகவே சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக் கடதாசி, தலைவர் எழுதிய கடிதம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, மின்சாரப் பட்டியல் எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்தாலும் அவை உறுதியாக மாட்டா. நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைக் காட்ட மட்டுமே அவை உதவும். அதற்காக அவற்றை எறிந்துவிடாதீர்கள். குடியிருப்பை நிரூபிக்க வேண்டிய நாள் ஒன்று வரலாம்.

லயத்துக் காம்பராவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை விற்பவருக்கே அது சொந்தமில்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு நிர்வாகம் போனபோதும் கம்பனிகளுக்குக் கிடைத்தது குத்தகைதான், நிலம் அரசுடையது. பாட்டன், பூட்டன் காலம் முதல் ஒரே காம்பராவில் பிறந்து, பிரசவித்து, செத்துப்போன குடும்பத்துக்கும் அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் எழுத்து மூலமான உரித்து எதுவும் கிடையாது. வேலையோடு வந்த குடியிருப்பு அது. வேலை முடிந்தவரிடமிருந்து தோட்டக் குடியிருப்பை மீட்பதற்கென்றே 1971இல் ஒரு தனிச் சட்டமும் வந்தது. ஒருவருக்கு இல்லாத உரித்தை அவர் இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. எத்தனை சாட்சி வைத்தாலும் முடியாது. இருநூறு வருடம் உழைத்த மக்களுக்கு இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அநியாயத்துக்கு எதிராகப் பேசுவதும், தெரியாமல் மூன்று லட்சத்தைக் கொடுப்பதும் வேறு வேறு விடயங்கள்.

தனி வீடுகள் நிலைமை கொஞ்சம் கலந்து கிடக்கிறது. தொண்ணூறுகளிலிருந்து பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் ஊடாகவும் தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களின் ஊடாகவும் கடனுக்கு வீடு கட்டினார்கள். சம்பளத்தில் மாதா மாதம் வெட்டினார்கள். கடனைக் கட்டி முடித்தும் உறுதி கிடைக்காத குடும்பங்கள் ஏராளம். 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்ற திட்டம் வந்தது. "பசுமை பூமி" என்ற பெயரில் உறுதிகளும் கொடுக்கப்பட்டன. இந்திய உதவி வீடுகளில் மலையகத்துக்கு முதலில் 4,000 ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட் வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 என்று அறிவித்தார். பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் 2018 ஆகஸ்டில் கையளிக்கப்பட்டன. ஆகவே ஒருவர் "எனக்குத் தனிவீடு இருக்கிறது, விற்கப்போகிறேன்" என்றால் அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, என்ன பத்திரம் இருக்கிறது என்பதைத்தான். உறுதியா, பயனாளி என்று காட்டும் கடிதமா, அல்லது கடன் கட்டிய புத்தகம் மட்டுமா? உறுதி என்றால் அதன் உள்ளே எழுதியிருக்கும் நிபந்தனைகளை ஒருவரைக் கொண்டு முழுதாக வாசிப்பியுங்கள். விற்பதற்கோ கைமாற்றுவதற்கோ தடை இருந்தால் அங்கேயே எழுதியிருக்கும். கடிதம் மட்டும் என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவது நல்லது. அரசாங்க விழாவில், மேடையில், மாலை மரியாதையோடு கையில் கொடுத்த கடுதாசி என்பதால் அது உறுதியாகிவிடாது.

அப்படியானால் எங்கே வாங்குவது? ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை, லிந்துலை நகரங்களை அண்டித் தனியார் உறுதிக் காணிகள் இருக்கின்றன. விலை அதிகம். ஆனாலும் இரண்டு குடும்பம் சேர்ந்து பத்துப் பேர்ச் வாங்குகிற பெண்களும் இருக்கிறார்கள். இங்கே தரகர் காட்டும் போட்டோப் பிரதி உறுதியை நம்பி அச்சாரம் கொடுக்காதீர்கள். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவேட்டு இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, மாவட்டக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடுங்கள். நொத்தாரிசைக் கொண்டும் தேடுவிக்கலாம். குறைந்தது முப்பது வருடக் கைமாற்றத்தைப் பார்ப்பது வழக்கம். காணி வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருந்தால், நீதிமன்றத் தடை பதியப்பட்டிருந்தால், ஏற்கனவே இன்னொருவருக்கு எழுதப்பட்டிருந்தால் அங்கே தெரியும். விற்பவர் சிரித்த முகத்தோடு தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போது பதிவகத்துக்குப் போவது மரியாதைக் குறைவு என்று சில அக்காமார் நினைக்கிறார்கள். பதிவேட்டைப் பார்ப்பதால் நல்ல மனிதர் யாரும் கோபிக்கப்போவதில்லை.

பிறகு நில அளவையாளரின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு காணிக்கு நேரில் போங்கள். வரைபடத்தில் உள்ள எல்லைக் கல் நிலத்தில் இருக்கிறதா? உங்கள் வாசலுக்கு வரும் பாதை வரைபடத்தில் பாதையாகக் காட்டப்பட்டிருக்கிறதா, அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் தயவா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தேயிலைக் காணியைத் துண்டு துண்டாக்கி விற்பவர்களிடம், துண்டாடுவதற்கு அனுமதி பெற்ற பத்திரத்தையும் பிரதேச சபை அங்கீகரித்த வரைபடத்தையும் கேளுங்கள். சோலை வரி கட்டிய பற்றுச்சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

மலைச்சரிவு பற்றி இரண்டு வார்த்தை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நுவரெலியா மாவட்டத்தில் மண் எங்கெல்லாம் இறங்கியது என்று இப்பக்கத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலைப்பகுதியில் கட்டுவதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையைக் காணி வாங்கிய பிறகு கேட்காமல், வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். சுவரில் சரிந்த வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், மழை விட்டபின்னும் புதிதாகக் கசியும் ஊற்று இவற்றைப் பார்த்தால், விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் உங்களுக்கே விளங்கும்.

எழுதும் நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நொத்தாரிசு எந்த மொழியில் எழுத அனுமதி பெற்றவர் என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதிய உறுதியில் கைநாட்டு வைக்காதீர்கள். தமிழில் எழுதும் நொத்தாரிசுகள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கிறார்கள். வாசித்து விளக்கிய பின்னரே கையொப்பம் பெற வேண்டும் என்பது அவர்கள் கடமை; அது அவர்கள் செய்யும் உபகாரம் அல்ல. உறுதியின் கடைசியில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சிப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். பணம் தன் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா, முன்னரே பெற்றுக்கொண்டதாக விற்பவர் ஒப்புக்கொண்டாரா என்று அங்கேதான் எழுதுவார். நீங்கள் விற்பவராக இருந்து, பணம் முழுதாகக் கையில் வராமல் "முன்னரே பெற்றேன்" என்று எழுதவிட்டால், பிறகு மிகுதிப் பணத்துக்காக அலைய வேண்டிவரும். வங்கிக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கைமாறுவது நல்லது.

முத்திரைத் தீர்வை வாங்குபவரின் செலவு. பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் கணக்கிடுவார்கள். இருபது லட்சம் பெறுமதியான வீடு என்றால் 3,000 ரூபாவும் 76,000 ரூபாவுமாக 79,000 ரூபா. நொத்தாரிசின் கட்டணம் வேறு. பலர் வீட்டு விலையை மட்டும் சேர்த்துக்கொண்டு வந்து, எழுதும் நாளில் இந்தப் பணத்துக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள். எழுதி முடித்ததும் உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்வியுங்கள். அதே காணியை விற்பவர் இன்னொருவருக்கும் எழுதி, அவர் முந்திக்கொண்டு பதிந்துவிட்டால், முதலில் வாங்கிய நீங்கள் பின்னால் நிற்க வேண்டிவரலாம். மூல உறுதி உங்கள் கையில் வர வேண்டும். தம்பியிடமோ தோட்டத் தலைவரிடமோ பாதுகாப்புக்குக் கொடுத்து வைக்கும் பழக்கத்தை விடுவோம்.

யார் பெயரில் எழுதுவது என்பதில் வீட்டுக்குள் நடக்கும் பேச்சை நான் அறிவேன். "குடும்பத் தலைவர் பேரில்தானே போட வேணும்" என்பார்கள். உங்கள் பணத்தில் வாங்கும் தனியார் காணிக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரில் காணி வாங்கலாம், வைத்திருக்கலாம், கணவனின் கையொப்பமின்றி விற்கவும் செய்யலாம்.

ஆனால் வன்னியில் கலியாணம் முடித்தவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைக்கு உட்பட்ட ஒருவரை நீங்கள் மணந்திருந்தால், அந்தத் திருமணம் நீடிக்கும்வரை 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்களும் தேசவழமைக்கு உட்பட்டவர். அப்போது உங்கள் பெயரிலுள்ள காணியை, அது ஹட்டனில் இருந்தாலும்கூட, விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் விட்டுப் போய்விட்டால், இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கொடுக்கலாம். காணாமலாக்கப்பட்டவர்களின் மனைவிமாருக்கு இது முக்கியமான வழி. "அவர் வந்து கையொப்பம் வச்சாத்தான்" என்று யாராவது சொன்னால், அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

காணி காணாமற் போன கணவனின் பெயரிலேயே இருந்தால் நிலைமை வேறு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்கள், 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி காணக்கிடையாமைச் சான்றிதழ் பெறலாம். அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. ஆதனத்தைப் பராமரிக்கும் பொறுப்பை நீதிமன்றத்தில் கேட்பதற்கு அது உதவும். ஆனால் அந்தச் சான்றிதழைக் காட்டி வீட்டை விற்கலாம் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். அது அவ்வளவு தூரம் போகாது.

கணவன் இறந்து, மரணசாசனம் எதுவும் எழுதப்படாவிட்டால், பொதுச் சட்டத்தின் கீழ் மனைவிக்குப் பாதி, மற்றப் பாதி ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆகவே விதவைத் தாய் தனியே முழு வீட்டையும் விற்க முடியாது. பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களானால் அவர்களின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். வாங்குபவர்களும் இதைப் பாருங்கள். "அம்மா கையெழுத்துப் போட்டால் போதும்" என்று வாங்கிய வீட்டில், பத்து வருடத்துக்குப் பிறகு மகள் வந்து பங்கு கேட்டால் சட்டம் அவள் பக்கம்.

இங்கே வீடு வாங்குவதற்காகக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உள்ள காணியை விற்க விரும்பும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவை பெரும்பாலும் பெர்மிட் காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க முடியாது. அளிப்புப் பத்திரமாக மாறியிருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றி எழுதிய உறுதி செல்லாது. கணவன் பெயரிலிருந்த பெர்மிட்டில் மனைவியின் பெயர் பின்னுரித்தாளராகக் குறிக்கப்படாவிட்டால், அவள் அங்கே இருந்து பயிர் செய்யலாம், விற்க முடியாது. பெயர் குறிக்கப்படாத காணியை ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்துக் கைமாற்றும் பட்டியல் எண்பது வருடங்களுக்கு மேல் இருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். கணவன் உயிரோடு இருப்பவர்கள் இன்றே பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், பின்னுரித்தாளர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வெறுமையாக இருந்தால் நிரப்புவியுங்கள்.

கடைசியாக, விற்பனை என்று தெரியாமலே விற்றுவிடும் பெண்களைப் பற்றி. பிள்ளையின் படிப்புக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ கடன் கேட்டுப் போகிறோம். "ஈடு எழுதினால் செலவு, சும்மா கைமாற்றி எழுதி வைப்போம், காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தாறேன்" என்பார் பணம் கொடுப்பவர். அவர் எழுதுவது விற்பனை உறுதி. குறித்த காலத்துக்குள் திருப்பி எழுதித் தருவதாக ஒரு வரி உள்ளே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால், அந்தத் திகதி ஒரு நாள் தவறினாலும் வீடு போய்விடலாம். இல்லாவிட்டால், எழுதிய நிமிடமே போய்விட்டது. ஈட்டு உறுதி அப்படியல்ல. வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும். கடன் கட்டாவிட்டால்கூட அவர் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், உங்களுக்குப் பேச இடம் உண்டு. கடன் வேண்டுமென்றால் ஈட்டு உறுதியில் மட்டும் கையொப்பமிடுங்கள். உறுதியின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டாவது வாசிப்பியுங்கள். அற்றோர்னித் தத்துவம் கொடுத்துவிட்டு வெளிநாடு போகும் சகோதரிகளும், விற்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே விமானம் ஏறுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனையும் வழக்கு உதவியும் கொடுக்கிறார்கள். போகும்போது அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கையிலிருக்கும் காணிப் பத்திரங்கள் அத்தனையையும் கொண்டு போங்கள். மூலப்பிரதியைக் காட்டுங்கள், போட்டோப் பிரதியைக் கொடுங்கள். மேலே சொன்ன தங்கச்சியும் அங்கே போனாள். காம்பராவை அவளுக்கு உரித்தாக்க யாராலும் முடியவில்லை. ஆனால் அந்தக் கடுதாசியில் கொடுத்த தொகை எழுதியிருந்தபடியால், பணத்தைத் திருப்பிக் கேட்டு மத்தியஸ்த சபைக்குப் போனாள். ஒன்றரை லட்சம் தவணையில் வந்திருக்கிறது. மிகுதிக்கு அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்.